ஓடம் வண்டியில் ஏறும் ஊரில் படகுக் காப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கப்பல், படகுப் பிரிவில், தூத்துக்குடியிலும் சென்னையிலுமாக வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவன் நான். கடல் இல்லாத ஊருக்கு வந்துவிட்டோம், இனி இந்தப் பேச்சு இருக்காது என்று நினைத்தேன். இரண்டு நல்ல மழைக்காலம் வந்தது. கண்மாய்கள் மறுகால் பாய்ந்தன. தோட்டம் வைத்திருக்கிறவர்கள், மீன் குத்தகை எடுத்தவர்கள், வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் என்று ஆளுக்கொரு ஃபைபர் படகு வாங்கத் தொடங்கினார்கள். கேள்விகளும் வந்தன. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சொந்த உல்லாசத்துக்காக வைத்திருக்கும் சிறு படகுகளே இங்கு பேச்சு.

வைகையில் பாதி நாள் மணல்தான் தெரிகிறது. இங்கே படகுக்கு இன்சூரன்ஸ் எதற்கு?

அதனால்தான் வேண்டும் என்பேன். "ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்" என்பது பழமொழி. நம் பக்கத்தில் ஓடம் ஆண்டில் ஏழெட்டு மாதம் வண்டியிலோ, மாட்டுக் கொட்டகையிலோ, வேப்பமரத்தடியிலோதான் இருக்கிறது. ஐப்பசியில் இறக்கி மாசியில் ஏற்றிவிடுகிறோம். நான் பார்த்தவரை உள்ளூர்ப் படகுகள் தண்ணீரில் கெட்டதைவிடத் தரையில் கெட்டது அதிகம். மோட்டார் திருட்டு, ஏற்றி இறக்கும்போது விழுந்து விரிசல், கொட்டகை தீப்பிடித்தல், எலி. ஆனால் கடைகளில் கிடைக்கும் பாலிசி கடலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. புயல், மோதல், தரைதட்டுதல் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். நமக்கு வேண்டிய தரைப் பகுதி இரண்டு வரியில் ஒளிந்திருக்கும். அந்த இரண்டு வரியைத் தேடிப் படிக்கிறவர்தான் இந்த ஊரில் சரியான பாலிசி வாங்குகிறவர்.

சட்டப்படி கட்டாயமா?

எந்திரம் பூட்டியிருந்தால் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2021இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. எந்திரத்தால் ஓடும் கலத்துக்குப் பதிவு, ஆய்வுச் சான்றிதழ், காப்பீடு ஆகியவற்றை அது கேட்கிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் கேட்கும் காப்பீடு, நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சாவு, காயம், சொத்துச் சேதம், நீர் மாசு ஆகியவற்றுக்கான பொறுப்பு. உங்கள் படகு உடைந்தால் சட்டத்துக்குக் கவலை இல்லை. துடுப்புப் படகு, பரிசல் போன்ற எந்திரமில்லாத கலங்களை உள்ளாட்சி மட்டத்தில் பெயர் பதிந்து வைக்கச் சட்டம் தனி அத்தியாயமே வைத்திருக்கிறது.

நீர் மாசு என்றதும் சிரிக்க வேண்டாம். வைகை அணைத் தண்ணீர் மதுரையின் குடிநீர். அதில் ஐந்து லிட்டர் பெட்ரோலைக் கவிழ்த்தவரை யாரும் மெச்சப் போவதில்லை.

கார் இன்சூரன்ஸ் இருக்கிறது, வீட்டு இன்சூரன்ஸும் இருக்கிறது. அவற்றில் படகு அடங்காதா?

அடங்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் படகு வாகனமே அல்ல. அதைச் சுமக்கும் ட்ரெய்லர் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், கார் பாலிசியில் அதைத் தனியாகச் சேர்க்கவும் வேண்டும். பட்டறையில் அடித்த, எண் பலகை இல்லாத ட்ரெய்லரில் படகை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் போகிறவர்களைப் பார்க்கிறேன். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் அதில் மோதினால் கார் பாலிசியும் கைவிரிக்கும், படகுப் பாலிசியும் கைவிரிக்கும். வீட்டுப் பாலிசி வீட்டையும் அதனுள் இருக்கும் பொருளையும் பார்க்கும். தோட்டத்துக் கொட்டகையில் கிடக்கும் படகை "வீட்டுப் பொருள்" என்று வாதாடி ஜெயித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

காசு குறைவு. முதலில் எந்தக் காப்பை எடுக்க வேண்டும்?

மூன்றாம் நபர் பொறுப்பை, அதாவது நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் இழப்புக்கான காப்பை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மூன்று லட்சம் ரூபாய்ப் படகு முழுதாகப் போனால் நட்டம் மூன்று லட்சம், அதோடு முடிந்தது. அந்தப் படகு ஒரு ஆள் மேல் ஏறினால் நட்டத்துக்கு மேல்வரம்பு இல்லை. ஆனாலும் என்னிடம் வருகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர், "படகுக்கு எவ்வளவு தருவான்?" என்றுதான் தொடங்குகிறார்கள்.

சிறிய பொறுப்புகளும் உண்டு. கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்தவர் வலை கட்டியிருப்பார். இருட்டும் நேரத்தில் உங்கள் புரொப்பெல்லர் அதில் சிக்கி ஐம்பது மீட்டர் வலையைக் கிழித்தால், அவர் கேட்பது வலைக் காசு மட்டுமா? உள்ளே இருந்த மீனுக்கும் கணக்குச் சொல்வார். கரையில் குளிக்கிறவர்கள், மாடு கழுவுகிறவர்கள், எருமை என்று நம் நீர்நிலைகளில் கூட்டம் அதிகம்.

பெரிய பொறுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். குமுளியைத் தாண்டியதும் தேக்கடி. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்ததும் படகு சாய்ந்தது என்பது அப்போது வெளிவந்த செய்தி. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும். இவை வாடகைப் படகுகள். உங்களுடையது குடும்பப் படகு. ஆனால் ஆறு பேர் உட்காரும் படகில் காதுகுத்து விருந்துக்கு வந்த பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு கண்மாயைச் சுற்றிக்காட்டுவதும் அதே கணக்குதான்.

எவ்வளவு தொகைக்குப் பொறுப்புக் காப்பு? படகின் விலையை இதற்கு அளவுகோலாக வைக்காதீர்கள். உங்கள் வீடு, நிலம், சேமிப்பு ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று தொடக்கூடியது அதைத்தான்.

என் படகில் வரும் என் மனைவி, மச்சான், நண்பர்கள் எல்லாம் மூன்றாம் நபரா?

இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பாலிசிக்குப் பாலிசி மாறும். விருந்தினராக வரும் பயணிகளைப் பொறுப்புப் பகுதி பொதுவாக ஏற்கும். குடும்பத்தினரைச் சில பாலிசிகள் விலக்கிவிடும். படகு ஓட்டும் உங்களுக்கு நேரும் காயத்தை எந்தப் பொறுப்புக் காப்பும் ஏற்காது. உங்களுக்கு நீங்களே மூன்றாம் நபர் ஆக முடியாது அல்லவா? அதற்குத் தனிநபர் விபத்துக் காப்பு வேண்டும்.

சம்பளத்துக்கு ஆள் வைத்துப் படகு ஓட்டினால் அவரும் இந்த வட்டத்துக்கு வெளியே. வேலையாளுக்கான இழப்பீட்டுச் சட்டப்படி அவருக்குத் தனிக் காப்பு எடுக்க வேண்டும். தோட்டக்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, கொஞ்சம் துடுப்புப் போடு" என்று சொல்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. குறைந்தபட்சம் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்திலாவது அவரைச் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். நீரில் மூழ்கிய சாவு என்றால் காவல் நிலையப் பதிவு கட்டாயம் கேட்பார்கள்.

படகின் மதிப்பை எவ்வளவு என்று எழுதுவது?

இரண்டு வகைப் பாலிசி உண்டு. ஒன்றில், தொடக்கத்திலேயே இருதரப்பும் ஒரு தொகையை ஒப்புக்கொண்டு எழுதிவிடும். படகு முழுதும் அழிந்தால் அந்தத் தொகைதான். பிறகு பேரம் இல்லை. இன்னொன்றில் அழிந்த நாளன்று சந்தையில் என்ன விலை போகும் என்று பார்ப்பார்கள். 1963ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது. பெயரில் கடல் இருந்தாலும், உள்நாட்டு நீரிலும் நேரும் இழப்புக்குக் கடல்சார் ஒப்பந்தத்தை நீட்டிக்க அதே சட்டம் வழி செய்கிறது.

நம் ஊருக்கு ஒப்புக்கொண்ட மதிப்புதான் நல்லது. காரணம் எளிது. பழைய காருக்கு ஆரப்பாளையத்தில் நின்று விலை விசாரிக்கலாம். பழைய பன்னிரண்டடி ஃபைபர் படகுக்கு மதுரையில் சந்தை ஏது? சந்தை இல்லாத பொருளுக்குச் சந்தை மதிப்பு சொல்ல வருகிறவர் தனக்குத் தோன்றியதைச் சொல்வார்.

பிரீமியம் மிச்சமாகும் என்று மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: சந்தை மதிப்புப் பாலிசியில் 4 லட்சம் பெறும் படகை 2 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், மீதிப் பாதிக்கு நீங்களே காப்பீட்டாளர் என்று சட்டம் சொல்கிறது. 60,000 ரூபாய் சேதத்துக்கு 30,000 ரூபாய்தான் வரும். படகு, மோட்டார், ட்ரெய்லர், லைஃப் ஜாக்கெட் உள்ளிட்ட சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை எழுதச் சொல்லுங்கள். மொத்தமாக எழுதினால் மோட்டார் மட்டும் திருடுபோகும்போது தகராறு வரும்.

தரையில் கிடக்கும் மாதங்களுக்கும் முழு பிரீமியம் கட்ட வேண்டுமா?

வேண்டாம், கேட்டால். "லே அப்" என்பார்கள். குறிப்பிட்ட மாதங்களில் படகு தண்ணீரில் இறங்காது என்று ஒப்புக்கொண்டால் பிரீமியத்தில் சலுகை கிடைக்கும். ஆங்கிலேயர்கள் குளிர்காலத்துக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. நமக்கு வெயில் காலத்துக்குப் பொருந்துகிறது. மார்ச் முதல் செப்டம்பர் வரை என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஆகஸ்டில் திடீர் மழை பெய்து கண்மாய் நிரம்பியதென்று ஆசைப்பட்டு இறக்கினால் அன்று உங்களுக்குக் காப்பே இல்லை. இறக்குவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்.

தரையில் இருக்கும் காலத்துக்குத் தீ, திருட்டு, மரம் விழுதல், ஏற்றி இறக்குதல், சாலைப் பயணம் ஆகியவை அடங்குகின்றனவா என்று பாருங்கள். சாலைப் பயணத்தில் ஏற்படும் கீறல், உராய்வு, நசுங்கல் ஆகியவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். கயிற்றுக்கு அடியில் பழைய சாக்கைக் கொடுத்துக் கட்டுவதுதான் அதற்குக் காப்பீடு.

இனி எலி. என் சொந்தக் கதை இது. ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒரு படகு வாங்கினேன். கோடை முழுவதும் கொட்டகையில் கிடந்தது. ஐப்பசியில் எடுத்துப் பார்த்தால் எரிபொருள் குழாயும் மின்கம்பியும் ஓரடிக்கு ஓரடி கடிபட்டிருந்தன. இத்தனை காலம் பிறருடைய மனுக்களை நிராகரித்தவனுக்கு என்ன துணிச்சலோ, மனுப் போட்டேன். மூன்றே நாளில் நிராகரிப்பு வந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எலி என்று பெயர் சொல்லி விலக்கு எழுதியிருக்கிறது. எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் சொந்த நட்டம் என்று வரும்போது எல்லோரும் வாடிக்கையாளர்தான்.

அதே விலக்குப் பட்டியலில் சாதாரணத் தேய்மானமும் உண்டு. சித்திரை வெயிலில் ஃபைபரின் மேற்பூச்சு வெளுத்து நூல் நூலாக வெடிப்பது தேய்மானம். தார்ப்பாய் போடுங்கள்.

மோட்டார் திருடுபோனால் கிடைக்குமா?

கழற்றி எடுத்துப் போகிற அவுட்போர்டு மோட்டார்தான் திருடர்களுக்குப் பிடித்த பகுதி. 1985இல் லண்டனில் வகுக்கப்பட்ட "இன்ஸ்டிடியூட் யாட் கிளாசஸ்" என்ற நிபந்தனைத் தொகுப்பை ஒட்டியே இங்கும் உல்லாசப் படகுப் பாலிசிகள் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. அதன்படி, மோட்டாரைப் படகோடு இறுக்கும் வழக்கமான திருகாணி போதாது. கூடுதலாக ஒரு திருட்டுத் தடுப்புப் பூட்டு போட்டிருக்க வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் இழப்பீடும் இல்லை. பூட்டின் ரசீதை வைத்திருங்கள். மோட்டாரின் வரிசை எண்ணைப் புகைப்படம் எடுத்து வையுங்கள்.

திருட்டைவிட வேடிக்கையான விலக்கு ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது திருகாணி தளர்ந்து மோட்டார் கழன்று தண்ணீருக்குள் விழுந்தால் அது உங்கள் பாடு. ஒரு சங்கிலி போட்டுப் பின்பலகையோடு பிணைத்து வைத்தால் தீர்ந்தது.

மோட்டாருக்குப் "பழையதற்குப் புதியது" என்ற கழிவும் உண்டு. பழைய மோட்டாருக்குப் பதில் புதியது வாங்கும்போது மூன்றில் ஒரு பங்கு வரை கழித்துக்கொள்ள அந்தத் தொகுப்பு இடம் தருகிறது. எழுதும் முன்பே எவ்வளவு கழிப்பார்கள் என்று கேளுங்கள்.

தண்ணீருக்கு அடியில் சீமைக்கருவேல் கட்டை குத்திவிட்டது. இது விபத்தா?

விபத்துதான். திடீரென்று, வெளியிலிருந்து வந்த சேதம். வெட்டியும் வேரோடு எடுக்காமல் விட்ட கருவேல மூடுகள்தான் நம் கண்மாய்களின் பாறைகள். ஏற்றுக்கொள்வார்கள், "எக்ஸெஸ்" என்ற உங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு.

தகராறு வரும் இடம் வேறு. நீர் வடிந்துகொண்டிருந்த கண்மாயில், இரண்டடித் தண்ணீர்கூட இல்லாத இடத்தில் ஓட்டினீர்களா என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பார். மடை திறந்து பாசனத்துக்கு விடும் நாள்களில் நீர்மட்டம் காலைக்கும் மாலைக்கும் மாறும். கரையோரம் கட்டிய படகு மறுநாள் சேற்றில் சாய்ந்து கிடந்து அடிப்பலகை பிளந்தால் அதைக் கவனக்குறைவு என்று எழுத வாய்ப்பு உண்டு. கயிற்றை நீளமாக விட்டுக் கட்டுங்கள்.

வைகைக் கரையில் கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. அணையின் உச்ச நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை விடுவார்கள். மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகும் படகை ஆற்றோரம் விட்டிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு போனால், "நியாயமான கவனம் எடுத்தீர்களா?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. வைகையில் வெள்ளம் வருவதைச் செய்தித்தாள் முன்கூட்டியே சொல்கிறது. கம்பெனிக்காரரும் செய்தித்தாள் படிக்கிறவர்.

பாலிசியில் "வாரண்டி" என்று போட்டிருக்கிறது. கம்பெனி எனக்கு உத்தரவாதம் தருகிறதா?

தலைகீழ். கடையில் தரும் வாரண்டி கடைக்காரர் உங்களுக்குத் தருவது. பாலிசியில் வரும் வாரண்டி நீங்கள் கம்பெனிக்குத் தருவது. "ஆறு பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன்", "சூரியன் மறைந்த பிறகு ஓட்ட மாட்டேன்", "எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணிந்திருப்பார்கள்" என்பவை உங்கள் வாக்குறுதிகள். கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தில் இவற்றை அட்சரம் பிசகாமல் காப்பாற்ற வேண்டும். மீறிய நொடியிலிருந்து கம்பெனியின் பொறுப்பு விலகிவிடும். மீறலுக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதாடுவது சட்டப் புத்தகத்தில் கடினம். ஏழாவது ஆளாக ஏறிய குழந்தை மடியில்தான் உட்கார்ந்திருந்தது என்றாலும் ஏழு ஏழுதான்.

உங்களால் காப்பாற்ற முடியாத வாரண்டி இருந்தால் கையெழுத்துப் போடும் முன் மாற்றச் சொல்லுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால் பெரும்பாலும் மாற்றுவார்கள்.

வேகத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 17 நாட், அதாவது மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய படகு "ஸ்பீடு போட்" கணக்கில் சேரும். அதற்குத் தனி நிபந்தனைகள். சிறிய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டினால் அன்றே தெரிவியுங்கள்.

எந்தெந்த நீர்நிலையில் ஓட்டலாம் என்று பாலிசியில் இருக்குமா?

இருக்கும். அதை "எல்லை" என்பார்கள். "தமிழ்நாட்டின் உள்நாட்டு நீர்நிலைகள்" என்று அகலமாக எழுதி வாங்குங்கள். ஒரே ஒரு கண்மாயின் பெயரைப் போட்டுவிட்டால், அது வறண்டு பக்கத்து ஊருக்குப் போகும்போது காப்பு உங்களோடு வராது. கேரளக் காயலுக்குப் போவதாக இருந்தால் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பாலிசி இருக்கிறது என்பதற்காக எங்கும் இறக்கிவிட முடியாது. பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட கண்மாய்கள் நீர்வளத்துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. அணைகளில் அனுமதி இல்லாமல் இறங்குவது சட்டவிரோதம். சட்டவிரோதப் பயணத்தில் நேர்ந்த விபத்துக்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது. அனுமதிக் கடிதத்தின் நகலைப் பாலிசியோடு வையுங்கள்.

வார இறுதியில் வாடகைக்கு விட்டால்?

உல்லாசப் பாலிசி அன்றே செத்துவிடும். தலைக்கு நூறு ரூபாய் வாங்கினாலும் வாடகைதான். "டீசல் காசு மட்டும்" என்றாலும் வாடகைதான். அழகர்கோவில் அடிவாரத்தில் விடுதி நடத்தும் நண்பர் ஒருவர் குளத்தில் நான்கு மிதிபடகு விட்டிருக்கிறார். அவருக்கு வேண்டியது வணிகப் பொறுப்புக் காப்பு. அவரிடம் யாரோ 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழான பாலிசியை விற்றிருந்தார்கள். அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கானது. பெயர் ஒன்றுபோல் ஒலிக்கிறது, வேலை வேறு.

வெள்ளத்தில் மீட்புக்குப் படகைக் கொடுக்கலாமா? காப்பு செல்லுமா?

2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குள் படகு ஓடியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. 2024 அக்டோபரில் செல்லூர்க் கண்மாய்ப் பக்கத்துத் தெருக்களும் தண்ணீரில் நின்றன. அப்படி ஒரு நாளில் தாசில்தார் போன் செய்து படகு கேட்டால், பாலிசியைப் புரட்டிக்கொண்டு நிற்கிறவன் மனிதன் இல்லை. கொடுங்கள்.

கொடுக்கும்போதே, "இன்ன அதிகாரி கேட்டதன் பேரில், கட்டணமின்றி, மீட்புப் பணிக்கு" என்று கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். மூன்று வரி போதும். வெள்ளத் தெரு என்பது பாலிசியில் எழுதிய நீர்நிலை அல்ல. அடியில் இரும்புக் கம்பி, மூடியில்லாச் சாக்கடை, அறுந்த மின்கம்பி எல்லாம் இருக்கும். உங்கள் படகுச் சேதம் கிடைக்காமல் போகலாம். அதிகாரியிடமிருந்து எழுத்தில் ஒரு கோரிக்கை வாங்கி வைத்திருந்தால் நிவாரணக் கணக்கில் கேட்கவாவது வழி இருக்கும். புதிதாகப் பாலிசி எடுக்கிறவர்கள் "அரசு கேட்டுக்கொண்டால் மீட்புப் பணி உட்பட" என்ற வரியை முன்கூட்டியே சேர்க்கச் சொல்லலாம். நான் சேர்த்திருக்கிறேன். கூடுதல் பிரீமியம் கேட்கவில்லை.

மதுரையில் எங்கே வாங்குவது? பிரீமியம் எவ்வளவு?

கிளை அலுவலகத்தில் போய்ப் "படகு" என்றால் முதலில் மீன்பிடிப் படகுப் படிவத்தை நீட்டுவார்கள். "உல்லாசப் படகு, மரைன் ஹல் பிரிவு" என்று சொல்லுங்கள். கப்பல், படகுகளைப் பார்க்கும் பிரிவு அது. விண்ணப்பம் அநேகமாகச் சென்னைக்குப் போய்த்தான் வரும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மழை தொடங்கிய பிறகு ஓடாதீர்கள். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் என்ற நான்கு பொதுத்துறை நிறுவனங்களிலும் தனியாரிலும் கேட்டு ஒப்பிடுங்கள். தரகர் வழியாகப் போவது இந்த வகைக்கு நல்லது. அவர் உங்களுக்காகப் பேசுகிறவர், முகவர் கம்பெனிக்காகப் பேசுகிறவர்.

படகின் வயது, மோட்டாரின் குதிரைத்திறன், ஓட்டுகிறவரின் அனுபவம், பூட்டிய இடத்தில் வைக்கிறீர்களா என்பதைப் பொறுத்துப் பிரீமியம் மாறும். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. எக்ஸெஸ் தொகையை உயர்த்திக்கொண்டால் பிரீமியம் இறங்கும். சில்லறைச் சேதங்களை நீங்களே பார்த்துக்கொண்டு பெரியதற்கு மட்டும் கம்பெனியை நாடுவது என் பழக்கம். பொறுப்புக் காப்பின் தொகையை மட்டும் குறைக்காதீர்கள்.

படிவத்தில் எதையும் மறைக்க வேண்டாம். முந்தைய விபத்து, பட்டறையில் ஒட்டிய விரிசல், சொந்தமாகக் கட்டிய படகு, எல்லாவற்றையும் எழுதுங்கள். கேட்காததையும் சொல்ல வேண்டிய ஒப்பந்தம் இது.

கவிழ்ந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

ஆட்களைக் கரையேற்றுங்கள். பிறகு படகை. "இன்சூரன்ஸ் இருக்கிறதே, கிடக்கட்டும்" என்று விடக் கூடாது. காப்பீடு இல்லாதவர் எப்படிப் பதறிக் காப்பாற்றுவாரோ அப்படிக் காப்பாற்ற வேண்டியது உங்கள் கடமை. அதற்கு ஆகும் நியாயமான செலவைக் கம்பெனி தரும். டிராக்டர் வாடகை, ஆள் கூலி எல்லாவற்றுக்கும் துண்டுச் சீட்டாவது வாங்குங்கள்.

மூழ்கிய மோட்டாரை உடனே முடுக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது முடுக்கினால் உள்ளே வளையும், உடையும். பிளக்கைக் கழற்றி, சேற்றைக் கழுவி, அன்றே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். நகர்த்தும் முன் புகைப்படம். அன்றே கம்பெனிக்குத் தகவல். திருட்டு, காயம், சாவு என்றால் காவல் நிலையம். சர்வேயர் வரும்வரை உடைந்த பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். குத்தகைக்காரரிடம், "தப்பு என்னுடையதுதான், தந்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கம்பெனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் அதையே காரணமாகக் காட்டுவார்கள். மன்னிப்புக் கேட்கலாம். தொகை பேச வேண்டாம்.

மனுவை நிராகரித்துவிட்டார்கள். அடுத்து?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த நிபந்தனையின்படி என்று எண்ணோடு சொல்லச் சொல்லுங்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி ஒரு மாதம் காத்திருங்கள். திருப்தி இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் தட்ட முடியாது. எலிக்காக நான் எந்தக் கதவையும் தட்டவில்லை.

காற்றடிக்கும் ரப்பர் கயாக்குக்கும் எடுக்க வேண்டுமா?

அதற்கு வேண்டாம். இரண்டு நல்ல லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள்.

படகை விற்கும்போது பாலிசியும் கூடப் போகுமா?

போகாது. கார் வேறு, இது வேறு. உரிமை மாறிய நாளிலேயே பாலிசி முடிந்துவிடும், கம்பெனி முன்கூட்டி எழுத்தில் சம்மதித்தால் தவிர. மீதி நாள்களுக்கான பிரீமியத்தைத் திருப்பிக் கேளுங்கள். விற்ற ரசீதில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, "ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள் அண்ணே" என்று வாங்கினவர் கேட்டால், ரசீது எழுதும் முன்பே ஓட்டிக் காட்டிவிடுங்கள்.